நாகையில் பிறந்த ரயில் கம்பெனி

தெற்கு ரயில்வே தெரியும். அதற்கு முன்னால் நம் ஊர்களில் ரயில் ஓட்டியது யார்? லண்டனில் இருந்த முதலாளிகளின் தனியார் கம்பெனி! பெயர் தென்னிந்திய ரயில்வே. பழைய ஆட்கள் வாயில் அது 'எஸ்.ஐ.ஆர்.'

கதை தொடங்குவது நாகப்பட்டினத்தில். துறைமுக ஊர் என்பதால் 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்ற கம்பெனி அங்கிருந்துதான் தண்டவாளம் போட்டது. 1861-ல் தஞ்சாவூர் வரை, 1862-ல் திருச்சி வரை. எல்லாம் அகலப் பாதை.

அதே காலத்தில் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இன்னொரு சின்னக் கம்பெனி ரயில் விட்டது. பிற்பாடு அதன் பெயர் கர்நாடிக் ரயில்வே. 1874-ல் இரண்டும் சேர்ந்து எஸ்.ஐ.ஆர். ஆனது. செலவு குறையும் என்று, போட்ட அகலப் பாதையைப் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷம் தாண்டி அதை மறுபடியும் அகலமாக்க வேண்டி வந்தது தனிக்கதை!

நாகைக்கு ரயில் கொடுத்த பெரிய வரம், பட்டறை. பல குடும்பங்களுக்கு அங்கேதான் சோறு. 1920-களின் கடைசியில் கம்பெனி, பட்டறைகளை எல்லாம் திருச்சி பொன்மலையில் ஒரே இடமாக்கியது. கூடவே 3,100-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பவும் திட்டம் போட்டது.

தொழிலாளிகள் சும்மா இருப்பார்களா? 1928-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. தென் மாவட்டங்களில் ரயில் போக்குவரத்து தடுமாறியது. ஆனால் அரசாங்கம் கம்பெனி பக்கம் நின்றது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். சங்கத்தின் பதிவே ரத்தானது. போராட்டம் தோற்றது. பட்டறை போன பிறகு, ரயில் பிறந்த ஊரான நாகை ரயில்வே வரைபடத்தில் ஓரத்து ஊராகிவிட்டது.

கம்பெனியும் நிலைக்கவில்லை. 1944-ல் அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே இரண்டோடும் சேர்ந்து தெற்கு ரயில்வேயில் கரைந்தது.

பொன்மலைப் பட்டறை இன்றும் ஓடுகிறது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்கூட அங்கே செய்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில், 'கொள்ளுத்தாத்தா எஸ்.ஐ.ஆரில் வேலை பார்த்தார்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர்ப் பட்டறை, எந்த வருஷம் வரை என்று கேட்டு எழுதி வையுங்கள். பதில் 'நாகப்பட்டினம், 1928' என்று வந்தால், அதற்குப் பிறகு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.