பள்ளி அட்மிஷன் நேர்காணல்: மதிப்பெண் குழந்தைக்கா, கேள்வி கேட்பவரின் மூடுக்கா?

அதே நான்கு வயதுக் குழந்தைதான். காலை 10 மணிக்குச் சிரித்த முகத்தோடு பேசும் டீச்சரிடம் போனால், பாட்டில் தொடங்கி வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர் வரை கொட்டிவிடும். மதியம் 1 மணிக்கு, பசியும் எரிச்சலுமாக இருக்கும் ஒருவர் முன்னால் நிறுத்தினால் வாயே திறக்காது. ‘குழந்தை ரொம்ப டல்லா இருக்கு’ என்று ஃபைலில் ஒரு வரி விழும். மாறியது குழந்தை அல்ல, எதிர் நாற்காலி.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என அட்மிஷன் பேனர் தொங்காத ஊர் கிடையாது. ‘சும்மா இன்டராக்‌ஷன்தான், பேரன்ட்ஸ் ரெண்டு பேரும் வந்துடுங்க’ என்ற வார்த்தையும் பழகிப்போனதுதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ‘சும்மா’வுக்கு ஒரு விலை உண்டு. விடியும் முன்பே ஜீப் ஏறி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். இருவரும் வர வேண்டும் என்றால் இரண்டு நாள் கூலி போச்சு. வந்த பிறகு ‘என்ன படிச்சிருக்கீங்க, வீட்டுல இங்கிலீஷ் யார் சொல்லித் தருவாங்க?’ என்று கேட்டால், அங்கே தேர்வு நடப்பது குழந்தைக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்லுது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-வது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த நடைமுறையும் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம்.

இதில் ஓட்டைகளும் இருக்கு. சட்டத்தின் பார்வையில் ‘குழந்தை’ என்றால் 6 முதல் 14 வயது வரை. எல்.கே.ஜி.க்கு வருவது அதற்கும் சின்ன பிள்ளை, பிளஸ் ஒன்னுக்கு வருவது அதைத் தாண்டிய பிள்ளை. நர்சரி சேர்க்கையில் 25 சதவீத இலவச இடங்கள் போக மீதிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொன்னது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டமே பொருந்தாது என்பது 2014-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அந்த 25 சதவீத இடங்களுக்கு மட்டும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கல் பெட்டிக்கு மூட் கிடையாது என்பது பெரிய நிம்மதி.

மூன்று நிமிடத்தில் என்ன தெரியும்?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் இருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அப்போது மருத்துவக் கல்லூரி சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு. 1970-ல் பெரியகருப்பன் வழக்கில், அந்த 75 அதிகமாகத் தெரிகிறது என்றது நீதிமன்றம். சராசரியாக மூன்றே நிமிடம் நடந்த நேர்காணலில் ஒருவரின் திறமையை அளப்பது கடினம் என்றும் சொன்னது. பத்து ஆண்டு கழித்து ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கு. அப்பா யார், வீடு எங்கே என்றுதான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதில் நீதிமன்றம் கோடு போட்டது. 17, 18 வயசுப் பிள்ளைகளுக்கே மூணு நிமிஷம் பத்தாது என்றால், நாலு வயசுக்கு?

அமெரிக்காவில் 1979-ல் ஒரு சம்பவம் இதைத் தற்செயலாகச் சோதித்துப் பார்த்தது. ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி நேர்காணல் எல்லாம் முடித்து ஆட்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது டெக்சாஸ் சட்டமன்றம். வேறு வழியில்லாமல், முதலில் ஒதுக்கப்பட்டவர்களில் இருந்து ஆள் எடுத்தார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தால், படிப்பிலும் சரி, அடுத்து வந்த முதலாம் ஆண்டு பயிற்சியிலும் சரி, இரு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நேர்காணல் அறையில் ‘இவன் சரிப்பட மாட்டான்’ என்று தோன்றியது வெறும் தோற்றம்தான்.

ஏன் இப்படி? கேள்வி கேட்பவர்களில் சிலர் இயல்பிலேயே கறார், சிலர் தாராளம். கலகலப்பான ஆளுக்குக் கலகலப்பான பிள்ளை பிடிக்கும். அமைதியான பிள்ளை அவர் கண்ணுக்கு மந்தமாகத் தெரியும். தன்னைப் போலப் பேசுகிறவரிடம், தன்னைப் போல உடுத்துகிறவரிடம் மனசு சாய்வதும் உண்டு. இதில் கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியமே இல்லை. நல்ல மனுஷராக இருந்தாலும் நடக்கும். அதனால் ‘எங்க பிரின்சிபால் ரொம்ப தங்கமானவர்’ என்பது பதிலாகாது.

மாற்று இருக்கா?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவச் சேர்க்கைக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரே அறை, ஒரே குழு என்பதை விட்டுவிட்டு, மாணவரைப் பத்து வரையிலான குட்டி நேர்காணல்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் வேறு ஆள், எல்லோருக்கும் அதே கேள்வி, தனித்தனி மதிப்பெண். ஒருவர் கடுகடுவென இருந்தாலும் மற்றவர்களின் மதிப்பெண் அதை ஈடுகட்டும். பிளஸ் ஒன் குரூப் ஒதுக்கும்போது ‘பயோ மேத்ஸ் உனக்கு வராதுப்பா’ என்று ஒரே ஒருவர் முடிவு செய்யும் பள்ளிகள் இதில் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம். கேள்விகளை முன்பே எழுதி வைப்பது, இரண்டு ஆசிரியர்கள் கலந்து பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போடுவது. செலவே இல்லாத வேலை. எல்.கே.ஜி.க்கு அதுவும் வேண்டாம், வயதும் வீட்டுத் தூரமும் பார்த்து, மிஞ்சினால் குலுக்கல் போதும்.

முதல் வகுப்பிலோ அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரையிலோ சேர்க்கும்போது நேர்காணல் வைத்து இடம் மறுத்தால், மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. என்ன தேதி, யார் கேட்டது, என்னென்ன கேள்விகள் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்டராக்‌ஷன்தானே’ என்று பள்ளி சொல்லும்போது, பெற்றோரின் படிப்பையும் சம்பளத்தையும் ஏன் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்க அந்தக் குறிப்பு வேண்டும்.