கணக்கு எழுதும் இயந்திரத்துக்கும் கையேடு வேண்டும்

'எச்-லெட்ஜர்' என்னும் கணக்கு மென்பொருள் 2007 முதல் விலையின்றிக் கிடைத்து வருகிறது. அதில் வரவு செலவு பதியும் வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவு முகவரிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் கணினி நிரலிடம், விடுவோரும் உண்டு. பணம் மிச்சந்தான். ஆனால் மனிதருக்கு எழுதிய கையேடு முகவருக்குப் போதாது.

நெல் விற்ற பணம் இருப்புப் பட்டியலில் கழித்தல் குறியோடு வரும். வருமான அறிக்கையில் குறியின்றி வரும். பழகிய கணக்குப்பிள்ளை இதைக் கண்டு மிரளமாட்டார். எழுதி வைக்காவிட்டால் முகவரோ வரவை நட்டமென்று சொல்லக்கூடும். அதை நம்பி அடுத்த போகத்துக்குக் கடன் கேட்கும் சிறு விவசாயியின் கதி என்ன?

கணக்குத் தலைப்புக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது 2 இடைவெளி வேண்டும். ஒன்றே விட்டால் தொகை தலைப்போடு ஒட்டிவிடும். 'உரம்', 'உரச் செலவு' என இரு தலைப்புகள் முளைத்தால் ஏக்கருக்கு ஆன உரச்செலவு புலப்படாது. முன்பே அறிவிக்காத தலைப்பை மறுக்கும் கண்டிப்புச் சோதனை இம்மென்பொருளிலேயே இருக்கிறது. கையேட்டின் முதல் பக்கத்தில், ஒரு மாதிரிப் பதிவுடன், இவற்றை எழுதுவதே முறை. பத்துப் பக்கப் பெருமைப் பேச்சு யாருக்கு வேண்டும்?

கடனுக்காகக் கொடுக்கும் கணக்கை மட்டும் விவசாயிகள் ரசீதுகளுடன் தாமே ஒத்துப் பார்த்துக் கொள்வது நல்லது.