தொடை திரண்ட ஆண் பன்றியைப் பொலிக்கு விடலாமா?

கேள்வி: ‘கிறிஸ்துமஸ் விற்பனைக்காக வண்டியில் ஏற்றும்போது, நன்றாக இருந்த வெண்பன்றிகள் இரண்டு நடுங்கி விழுந்து இறந்தன. அதே தகப்பனுக்குப் பிறந்த, தொடை திரண்ட ஆண் குட்டி ஒன்று பண்ணையில் இருக்கிறது. அதைப் பொலிக்கு வைத்துக்கொள்ளலாமா?’
- வாசகர், திருச்செந்தூர் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: சோதிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம். பன்றிக்கு வியர்த்து உடல் சூடு தணியாது என்பதால், கடலோர வெயிலும் புழுக்கமுமே உயிரைப் பறிக்கலாம். ஆனால் வால் நடுங்குவது, மூச்சிரைப்பது, தோல் திட்டுத் திட்டாகச் சிவப்பது, உடல் விறைப்பது ஆகியவை தெரிந்திருந்தால் ‘ஹேலோத்தேன்’ மரபணுவையும் சந்தேகிக்க வேண்டும்.

இந்த மரபணுக் குறையை 1991-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இது கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டும். ஆனால் பயம், அடி, வெயில், நெரிசல் வந்தால் தசை கட்டுக்கடங்காமல் இறுகி, உடல் கொதித்து, பன்றி இறந்துவிடும். இறைச்சியும் வெளிறி, நீர் கசிந்து, விலை குறையும். பெல்ஜியத்தின் பியட்ரைன் இனத்தில் இது அதிகம். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரில் குறைவு.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்தால்தான் குட்டி இப்படிச் சாகும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் குட்டி நன்றாகவே தெரியும். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி ஆபத்தில் பிறக்கும். இறந்தவற்றுக்கு இந்தக் குறை இருந்திருந்தால், உங்கள் ஆண் குட்டிக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குக் குறையாது. அவற்றை ஈன்ற தாய்ப் பன்றிகளிடமும் அது இருக்கும்.

தசை கூட வேறு வழியும் உண்டு. ‘ஐ.ஜி.எஃப்-2’ என்ற மரபணுவின் நல்ல மாற்றத்தை 2003-ல் கண்டறிந்தார்கள். அது சுமார் 3 முதல் 4 சதவிகிதம் வரை தசையைக் கூட்டும். குட்டியின் தசையில் தகப்பன் கொடுத்த பிரதி மட்டுமே வேலை செய்யும் என்பதுதான் இதில் விசேஷம். எனவே, தாயைப் போலவே தகப்பனையும் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

செய்ய வேண்டியவை:

* அந்த ஆண் குட்டியைக் காயடித்து, இறைச்சிக்கு வளர்க்கலாம்.
* புதிய ஆணை, வம்சாவளிப் பதிவேடு உள்ள பண்ணையில் வாங்குங்கள். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘தானுவாஸ் கே.பி.எம். கோல்டு’ ரகத்தில் 75 சதவிகிதம் யார்க்‌ஷயர், 25 சதவிகிதம் நாட்டுப் பன்றி ரத்தம்.
* மகள், உடன்பிறப்புகளோடு சேர்க்கக் கூடாது.
* விடியற்காலையில் ஏற்றுங்கள். அடிக்காமல், நெருக்காமல், தண்ணீர் தெளித்துக் கொண்டுபோங்கள்.
* இனி ஏதாவது இறந்தால், புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். மரபணுச் சோதனை பற்றி திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.