மரபுத் திங்கள் பிறக்கும் நாளில் காலியாகும் பட்டியல்

ஸ்காபரோவில் கலியாணம் கட்டிய எங்கட சனத்தின் அல்பங்களைப் புரட்டினால் ஒரு இடம் அடிக்கடி வரும். கில்ட் பூங்கா. புல்வெளிக்கு நடுவில் உயரமான வெள்ளைத் தூண்கள், வளைவுகள், பழைய கிரேக்க அரங்கு மாதிரி ஒரு மேடை. கூறைச் சேலைக்கு நல்ல பின்னணி. எங்கட படமும் அங்கதான் எடுத்தது.

அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தவை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. நகர மையத்தில், கிங் வீதியும் பே வீதியும் சந்திக்கிற இடத்தில் இருந்த பாங்க் ஒவ் ரொறன்ரோவின் தலைமையகக் கட்டடத்தின் தூண்கள் அவை. 1966இல் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். கில்ட் விடுதியை நடத்திய றோசா கிளார்க், ஸ்பென்சர் கிளார்க் தம்பதியினர் அந்தக் காலத்தில் நகரத்தில் இடிபட்ட பல கட்டடங்களின் துண்டுகளைக் காப்பாற்றி ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வங்கி இருந்த இடத்தில் என்ன வந்தது? ரொறன்ரோ-டொமினியன் மையம். மீஸ் வான் டெர் றோ வடிவமைத்த கறுப்புக் கோபுரங்கள். 2003இல் அந்தக் கோபுரங்களே ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டன. பழையதை இடித்துவிட்டுக் கட்டிய புதியது, நாற்பது வருடம் ஆகமுதலே மரபுரிமை ஆகிவிட்டது.

இதை ஏன் இப்ப சொல்கிறேன் என்றால், 2027 ஜனவரி 1ஆம் திகதி ஒன்ராறியோவில் ஒரு கெடு முடிகிறது. எங்கட தமிழ் மரபுத் திங்களின் முதல் நாளும் அதுதான்.

கெடு என்ன?

ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் 1975இல் வந்தது. அதில் இரண்டு படிகள் இருக்கின்றன. முதலாவது, பட்டியலிடுதல். "இந்தக் கட்டடத்துக்கு மரபுரிமைப் பெறுமதி இருக்கலாம்" என்று நகரசபை தன் பதிவேட்டில் எழுதி வைப்பது. உரிமையாளர் இடிக்க நினைத்தால் 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். இரண்டாவது, பிரகடனம். இதற்குத்தான் உண்மையான பலம். நகரசபையின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ முக்கியமான மாற்றம் செய்யவோ முடியாது.

பிரகடனத்துக்கு ஆய்வு வேண்டும், வரலாற்று அறிக்கை வேண்டும், உரிமையாளர் மேன்முறையீடு செய்தால் தீர்ப்பாயத்தில் வாதாடவேண்டும். அதனால் நகரசபைகள் பெரும்பாலான கட்டடங்களை முதற்படியிலேயே வைத்திருந்தன. ரொறன்ரோவில் மட்டும் இப்படி ஏறத்தாழ 4,000 சொத்துகள்.

2022 நவம்பரில் டக் ஃபோர்ட் அரசாங்கம் சட்டமூலம் 23ஐ நிறைவேற்றியது. பத்து வருடத்தில் 15 இலட்சம் வீடுகள் கட்டுவது நோக்கம். அதற்குள் மரபுரிமைச் சட்டத்துக்கான திருத்தங்களும் இருந்தன. பட்டியலில் உள்ள சொத்தை இரண்டு வருடத்துக்குள் பிரகடனப்படுத்தும் நடவடிக்கை தொடங்காவிட்டால் அதை நீக்கவேண்டும். நீக்கிய பிறகு ஐந்து வருடத்துக்கு மறுபடி சேர்க்க முடியாது. மாகாணம் முழுக்க நகரசபைகள் கத்திய பிறகு, 2024 ஜூனில் சட்டமூலம் 200 மூலம் பழைய பட்டியல்களுக்கான கெடுவை 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள்.

இன்னொரு விதியும் இருக்கிறது. செய்திகளில் இது அதிகம் அடிபடவில்லை. ஒரு காணிக்கு மறுவலயமாக்கல் விண்ணப்பம் வந்துவிட்டால், அந்தச் சொத்து ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் மட்டுமே நகரசபை அதைப் பிரகடனப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அதுவும் 90 நாளுக்குள். பட்டியலில் இல்லையென்றால் கதை முடிந்தது.

நான் மென்பொருள் வேலை செய்கிறவன். எங்கட வேலையில் யாரும் பார்க்காத ரிக்கெற்றுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால், சில நிறுவனங்கள் அவற்றைத் தானாக மூடிவிடும். மூடியதால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. பார்க்க ஆள் இல்லை என்பதுதான் அர்த்தம். ஒன்ராறியோ இப்ப தன் கட்டடங்களுக்கு அதைத்தான் செய்கிறது.

பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்று ரொறன்ரோ ஏற்கெனவே பார்த்துவிட்டது. யங் வீதியும் புளோர் வீதியும் சந்திக்கிற மூலையில் ஸ்ரொலறிஸ் என்ற பழைய உடுப்புக் கடைக் கட்டடம் இருந்தது. அதைப் பட்டியலில் சேர்க்கும் முயற்சி தொடங்கியிருந்த நேரத்தில், 2015 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இடிப்பு அனுமதி கிடைத்தது. அந்த வார இறுதியிலேயே முகப்பை உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் திட்டமிட்ட 85 மாடிக் கோபுரம் 2023 ஒக்டோபரில் கடன்பிரச்சினையில் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குப் போனது. இடிக்க ஒரு வார இறுதி போதுமாக இருந்தது. கட்டுவதற்குப் பத்து வருடம் காணவில்லை.

இதில் எங்களுக்கு என்ன?

"வெள்ளைக்காரரின் பழைய மாளிகை இருந்தால் என்ன, போனால் என்ன?" இதைக் கதைத்தபோது ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் நகர மையத்தின் செங்கல் வீடுகள், தேவாலயங்கள், பழைய கடைத்தொகுதிகள். எங்கட வரலாறு நடந்த இடங்கள் அதில் இல்லை.

எங்கட வரலாறு எங்கே நடந்தது? எண்பதுகளில் வந்தவர்களுக்கு சென் ஜேம்ஸ் ரவுனின் அடுக்குமாடிகளில். பிறகு ஸ்காபரோவின் பிளாசாக்களில். முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் ஒரு மாடி கடைவரிசை. மரக்கறிக் கடை, நகைக் கடை, காசு அனுப்புகிற இடம், குடிவரவுப் படிவம் நிரப்பித் தருகிற அலுவலகம், மேலே பரதநாட்டிய வகுப்பு. 83க்குப் பிறகு வந்த ஒரு சமூகம் இந்த நாட்டில் காலூன்றியது அந்தக் கடைகளுக்குள்தான். போர் நடந்த காலத்தில் ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற செய்தி வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

அந்த பிளாசாக்களுக்கு வடிவு கிடையாது. ஆனால் சட்டம் வடிவை மட்டும் கேட்கவில்லை. மரபுரிமையை அளக்க ஒன்ராறியோ ஒன்பது அளவுகோல்களை வைத்திருக்கிறது. மூன்று கட்டடக்கலை பற்றியவை, மூன்று வரலாறும் தொடர்பும் பற்றியவை, மூன்று சுற்றுப்புறம் பற்றியவை. ஒரு சமூகத்துக்கு முக்கியமான செயல்பாட்டோடும் அமைப்போடும் நேரடித் தொடர்பு இருப்பது ஒரு அளவுகோல். ஒரு சமூகத்தையோ கலாசாரத்தையோ புரிந்துகொள்ள உதவுவது இன்னொன்று. பட்டியலிட ஒன்று போதும், பிரகடனத்துக்கு இரண்டு வேண்டும்.

முன்னுதாரணமும் இருக்கிறது. கென்சிங்ரன் மார்க்கற் 2006இல் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம் ஆனது. அங்கே பெரிய மாளிகை எதுவும் இல்லை. சின்னச் சின்ன வீடுகளின் முன்பக்கத்தைக் கடையாக்கி யூதர்களும், பிறகு போர்த்துக்கேயரும், கரிபியர்களும், சீனர்களும் வாழ்ந்த இடம். அந்தக் குடியேற்ற வரலாற்றுக்காகவே அதற்கு அந்தப் பெயர். (தேசியத் தலம் என்ற பட்டம் இடிப்பதைத் தடுக்காது என்பதையும் சொல்லவேண்டும்.)

சுவருக்குச் சட்டம், கடைக்கு?

சில மாதங்களுக்கு முன் நான் வழக்கமாக மீன் வாங்குகிற பிளாசாவில் அபிவிருத்தி அறிவிப்புப் பலகை ஒன்று முளைத்திருந்தது. கோபுரங்களின் படம் போட்டிருந்தது. கடைக்கார அண்ணையிடம் கேட்டேன்.

"தம்பி, லீஸில இடிப்பு விதி எண்டு ஒண்டு இருக்காம். நோட்டீஸ் தந்தா எழும்பவேணும். கையெழுத்து வைக்கேக்க ஆர் அதை வாசிச்சது?" என்றார். இருபத்திரண்டு வருடமாக அதே கடை. "புதுக் கட்டடத்தில திரும்பி வரலாம்தானே அண்ணை?" என்று கேட்டேன். சிரித்தார். "அந்த வாடகைக்கு நான் மீன் விக்கேலாது. தங்கம்தான் விக்கவேணும்."

வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடி வாசித்தேன். ரொறன்ரோவில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை இடிப்பதென்றால், பொதுவாக அந்த வாடகை வீடுகளைப் புதுக் கட்டடத்தில் திரும்பக் கட்டித்தரவேண்டும். குடியிருந்தவர் திரும்பி வரவும் வழி இருக்கிறது. ஆனால் இது வீட்டுக்கு மட்டும். கடைக்கு இப்படி எதுவும் இல்லை. ஒன்ராறியோவில் கடை வாடகைக்கு உச்சவரம்பும் இல்லை.

மரபுரிமைச் சட்டம் இங்கே உதவுமா? முழுக்க உதவாது. அது கட்டடத்தைக் காக்கும், உள்ளே யார் இருக்கவேண்டும் என்று சொல்லாது. நகர மையத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய செங்கல் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கண்ணாடிக் கோபுரம் எழுப்பியிருப்பார்கள். முகப்பு அதேதான், ஆனால் உள்ளே இருந்தவர் யாரும் இல்லை. எங்கட பிளாசாவுக்கு அது இன்னும் பொருந்தாது. அங்கே முகப்பில் காக்க ஒன்றும் இல்லை. காக்கவேண்டியது சின்னக் கடைகள் கட்டுப்படியாகிற வாடகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்த ஏற்பாட்டைத்தான்.

இது நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலின் வேலை. மறுவலயமாக்கலின்போதும் பகுதித் திட்டம் எழுதும்போதும் கேட்கவேண்டியது.

வீடும் வேண்டும்தானே?

வேண்டும். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். முப்பதுகளில் இருக்கிற என் நண்பர்கள் பலர் இரண்டு சம்பளம் இருந்தும் வீடு வாங்க முடியாமல் இருக்கிறார்கள். மரபுரிமை என்ற பெயரைச் சொல்லி, ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் தெருவில் யாரும் வராமல் தடுப்பதும் இந்த நகரத்தில் நடக்கிறது. பஸ் ஓடுகிற பெருந்தெருவில், பாதிக்கு மேல் கார் நிறுத்துமிடமாகக் கிடக்கிற காணியில் வீடு கட்டாமல் வேறெங்கே கட்டுவது?

எனவே பிளாசாக்களை அப்படியே உறைய வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது மூன்று விடயங்கள்.

ஒன்று, கீழ்த்தளம். புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஒரு பெரிய மருந்துக் கடைக்கும் ஒரு வங்கிக்கும் ஏற்றமாதிரி வரையாமல், இப்ப இருக்கிற அளவில் சின்னச் சின்னக் கடைகளாகப் பிரிக்கச் சொல்லவேண்டும். கட்டுமானத்தைக் கட்டம் கட்டமாகச் செய்தால், ஒரு பக்கம் கட்டும்போது மறுபக்கக் கடைகள் இயங்கலாம். எக்லின்ரன் மேற்கில் லிட்டில் ஜமெய்க்காவைப் பாருங்கள். 2011இல் தொடங்கிய ரயில் பாதை வேலை வருடக்கணக்கில் இழுபட, பாதை திறக்கமுதலே பல கறுப்பினக் கடைகள் மூடிவிட்டன. அதற்குப் பிறகுதான் அங்கே கலாசார மாவட்டம் என்ற பேச்சு பலமாக எழுந்தது. நாங்கள் முன்கூட்டியே தொடங்கலாம்.

இரண்டு, பட்டியல். எல்லா பிளாசாவும் வேண்டாம். உண்மையில் எங்கட வரலாற்றின் திருப்பங்கள் நடந்த ஒன்றிரண்டு இடங்களைத் தெரிவுசெய்து நகரசபைக்கு முன்மொழியலாம். பொதுமக்கள் முன்மொழிய நகரசபையில் வழி இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் வரமுதல் செய்யவேண்டும். பலகை முளைத்த பிறகு போனால் சட்டம் கதவைச் சாத்திவிட்டிருக்கும்.

மூன்று, பதிவு. முன்மொழிவதற்குச் சான்று வேண்டும். எந்தக் கடை எந்த வருடம் திறந்தது, யார் திறந்தார், மேல்மாடியில் எந்தச் சங்கம் கூடியது என்பதெல்லாம் இப்ப அறுபது எழுபது வயதில் இருக்கிறவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பழைய வர்த்தகக் கையேடுகள், நோட்டீஸ்கள், திறப்புவிழாப் படங்கள் எங்கட பேஸ்மென்ற் பெட்டிகளில் கிடக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஜனவரி மாதப் பாடசாலைச் செயற்திட்டமாக இதைக் கொடுத்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தை நாலு வரியில் சுருக்குவதை விட அவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்ராறியோ 2014இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது, கனடிய நாடாளுமன்றம் 2016இல். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பொங்கல், நடனம், பட்டிமன்றம், அரசியல்வாதிகளுடன் படம். எல்லாம் நல்லதுதான். ஆனால் மரபு என்றால் கொண்டுவந்தது மட்டும் இல்லை, வந்த இடத்தில் உண்டாக்கியதும் சேரும். அந்த இரண்டாவது பகுதிக்கு நாங்கள் இன்னும் ஒரு முகவரி கூட எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த பிளாசாவின் பலகையில் பொதுக் கலந்தாலோசனைக் கூட்டத்துக்கு எங்கே தொடர்புகொள்வது என்று எழுதியிருக்கிறது. இப்படியான கூட்டங்களுக்கு எங்கட ஆட்கள் போவது குறைவு. நான் போகிறேன். கடைக்கார அண்ணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கடையை ஒரு மணித்தியாலம் முதலே பூட்டிவிட்டு. உங்கட பிளாசாவிலும் ஒரு பலகை இருக்கும். அடுத்த முறை மரக்கறி வாங்கப் போகும்போது நின்று வாசியுங்கள்.