"கிரியாட்டினின் பாத்தீங்களா, அய்யா?"

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் 22 ஆண்டுகளாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். 2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதன்பின் அங்கே ராஜகிரி மலை ஏறி இறங்கியவர்கள் கெண்டைக்காலைப் பிடித்தபடி வந்து மக்னீசியம் கேட்கிறார்கள். ஏறிய வலிக்கு ஓய்வும் தண்ணீரும் போதும் என்று அனுப்பிவிடுவேன்.

என் கவலை வேறு. போன வாரம் நெல் விற்க வந்த பெரியவர், "ராத்திரியில காலு இழுத்துப் பிடிக்குது தம்பி. பேரன் போன்ல பாத்து மக்னீசியம் வாங்கச் சொன்னான்" என்றார். இருபது வருடமாகச் சர்க்கரை நோய். "கிரியாட்டினின் பாத்தீங்களா, அய்யா?" என்றேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அந்த ரத்தப் பரிசோதனையை அவர் செய்ததே இல்லையாம். மிகுதி மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்திருந்தால் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மாத்திரை தரவில்லை, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

டப்பாவின் முன்பக்க எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 500 மில்லிகிராம் மக்னீசியம் ஆக்சைடில் உள்ள மக்னீசியம் சுமார் 300 மில்லிகிராம். மக்னீசியம் கிளைசினேட்டில் அதே எடைக்கு 70தான். ஆனால் ஆக்சைடு உடலில் குறைவாகவே சேரும், வயிற்றையும் கலக்கும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

உணவிலேயே மக்னீசியம் கிடைக்கும்: நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 140 மில்லிகிராம் இருக்கிறது. நம் பக்கத்து வேர்க்கடலையில் அதைவிட அதிகம்.

சிறுநீரக எச்சரிக்கையை ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில், கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். பெரியவர் நாளை ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.