கம்பெனி அளவுக்கு நம் ரத்தக்குழாயா?



இருதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனிதான் உடம்பின் தலைவாய்க்கால். வயிற்றில் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். வயதாலும், ரத்தக் கொதிப்பாலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பீடி, சிகரெட்டுப் புகையாலும் அதன் சுவர் நைந்து வீங்குகிறது. வீங்க வீங்கச் சுவரின் மேல் இழுவிசை கூடுகிறது. ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் சிகிச்சை அவசியம் என்கிறது மருத்துவம். உடைந்துவிட்டால் பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட எட்டுவதில்லை!

இதற்கு வழி உண்டு. தொடைத் தமனி வழியாக உலோகச் சட்டத்தில் துணி போர்த்த குழாயைச் செலுத்தி, வீக்கத்துக்குள் பொருத்துகிறார்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் என்று அதற்குப் பெயர். ரத்தம் குழாய்க்குள் ஓடும். நைந்த சுவர் தப்பும். அன்றைய சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில் டாக்டர் வொலொதோஸ் 1987-ல் மார்புத் தமனியிலும், அர்ஜென்டினாவில் டாக்டர் பரோடி 1990-ல் வயிற்றுத் தமனியிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் குழாயின் அமைப்பு சரியில்லாவிட்டால் பயனில்லை. வடவாற்று நீரிலும் வீராணம் பாசனத்திலும் உழைப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? நீர் தேங்கும் இடத்தில் வண்டல் படியும். வளைவில் நீர் கரையை மோதும். மதகுக்கும் கரைக்கும் இடையே சந்து இருந்தால் கசியும். ரத்தமும் அப்படியே! காலுக்குப் பிரியும் கிளைக்குழாய் மடங்கினால் ரத்தம் தேங்கி உறையும். வளைவு அதிகமானால் ரத்தத்தின் தள்ளலில் குழாய் நழுவும். வாய் பொருந்தாவிட்டால் பக்கவாட்டில் கசிந்து வீக்கம் மறுபடி வளரும். உள்விட்டம் பாதியானால் ஓட்டத்துக்குத் தடை 16 மடங்கு!

அந்த அளவுகளை வகுத்தது யார்? மேலைநாட்டு உடம்புகளை வைத்துக் கம்பெனிகள் வகுத்தன. நம் மக்களின் தமனிகள் பொதுவாக அவற்றைவிடச் சிறியவை. பெரிய குழாயைச் சிறிய தமனியில் திணித்தால் துணி மடிகிறது. மடிப்பு வழியே ரத்தம் கசிகிறது. விலையோ பல லட்சம்! நெல்லிக்குப்பம் கரும்பாலைத் தொழிலாளியும் காட்டுமன்னார்கோயில் நடவுக் கூலியும் எங்கே போவார்கள்?

விலையைக் கட்டுப்படுத்த முடியாது என்பார்கள். பொய்! 2017 பிப்ரவரியில் இருதய ஸ்டென்டுக்கு மத்திய சர்க்கார் உச்சவிலை வைத்தது: வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதுவரை லட்சத்துக்கு மேல் விற்றவர்கள் கூச்சலிட்டார்கள். வானம் இடிந்து விழுந்ததா?

நம்மால் செய்ய முடியாது என்பார்கள். அதுவும் பொய்! பொது நிறுவனமான திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா உருவாக்கிய இருதய வால்வு 1990-ல் மனித உடலில் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட மலிவு!

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணக் கொள்ளையை எதிர்த்துப் போராடினார்கள். 2021-ல் அது அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. அந்த வெற்றி நோயாளிக்கும் பயன்பட வேண்டாமா?

நாம் கோருவது இதுதான்: பெருந்தமனிக் குழாய்க்கும் உச்சவிலை! நம் உடம்பை அளந்து பொது நிறுவனங்களே வடிவமைக்கும் குழாய்! பிரிட்டனில் 65 வயது ஆண்களுக்குச் செய்வதுபோல், வயதான உழைப்பாளிகளுக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் இலவச வயிற்று ஸ்கேன்!

சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தீர்மானம் போடுங்கள். கம்பெனி லாபத்துக்கு நம் ரத்தம் ஓட வேண்டாம். நாம் வாழ ஓடட்டும்!