541 நாள் அரசு அமையாத நாடு... என்ன ஆச்சு?

‘யார் ஆட்சிக்கு வந்தா நமக்கென்ன, நாம வேலைக்குப் போனாத்தான் சோறு!’ தேர்தல் வந்தாலே டீக்கடை முதல் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் வரை கேட்கும் டயலாக் இது. சரி, ஆட்சியே இல்லாமல் போனால் என்ன ஆகும்? இரண்டு நாடுகள் அதைப் பார்த்துவிட்டன.

பெல்ஜியம்: ரயில் ஓடியது, பென்ஷன் வந்தது

2010 ஜூனில் பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. டச்சு மொழிக் கட்சிகளுக்கும் பிரெஞ்சு மொழிக் கட்சிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. 2011 டிசம்பரில்தான் எலியோ டி ரூபோ பிரதமரானார். இடையில் 541 நாட்கள் காபந்து அரசுதான். ஆனாலும் அன்றாட வேலைகள் நிற்கவில்லை. புதிய அமைச்சரவை அமையவில்லையே தவிர, நாடாளுமன்றம், நீதிமன்றம், மாகாண அரசுகள், அதிகாரிகள் எல்லாம் அப்படியே இருந்தன.

நஷ்டமே இல்லையா? இருந்தது. பெரிய முடிவுகள் தள்ளிப்போயின. 2011 நவம்பரில் நாட்டின் கடன் மதிப்பீடு குறைக்கப்பட்ட பிறகே கட்சிகள் அவசர அவசரமாக பட்ஜெட்டுக்குச் சம்மதித்தன.

சோமாலியா: ஆள் போனார், எல்லாம் போச்சு

1969 முதல் சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பாரே, 1991 ஜனவரியில் விரட்டப்பட்டார். அவர் இடத்தை நிரப்ப எந்த அமைப்பும் இல்லை. நிரந்தர மத்திய அரசு அமைய 2012 வரை ஆனது. நடுவில் செல்போன் நிறுவனங்கள் வளர்ந்தன, வியாபாரமும் நடந்தது. ஆனால், துப்பாக்கி வைத்திருந்தவர்களே சாலையை மறித்து வசூல் செய்தார்கள். 1992 பஞ்சத்தில் பசித்தவர்களுக்கு வந்த உணவு கொள்ளை போனது. காவல் இல்லாத கடலில் வெளிநாட்டுக் கப்பல்கள் மீனை அள்ளின.

பெல்ஜியத்தில் அதிகாரம் பல கைகளில் பிரிந்திருந்தது. ஒரு கை ஓய்ந்தபோது மற்றவை தாங்கின. சோமாலியாவில் எல்லாம் ஒருவர் கையில் இருந்தது. அவரோடு சேர்ந்து அதுவும் சரிந்தது. ‘ஒரே ஒரு ஸ்ட்ராங் லீடர் வந்தா எல்லாம் சரியாயிடும்’னு சொல்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அப்போ எது நல்ல ஆட்சி முறை?

மன்னராட்சி, சர்வாதிகாரம், அதிபர் முறை, நாடாளுமன்ற முறை என்று பெயர்கள் பல. எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆள்பவர் சரியில்லை என்றால், ரத்தம் சிந்தாமல் அவரை இறக்க முடியுமா? 1999-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அமெரிக்க அதிபர் முறையில் அது அவ்வளவு சுலபமில்லை. ஆனால், நான்கு ஆண்டுகளில் அவரும் மக்களிடம் வந்தே ஆக வேண்டும்.

நம்ம ஊர்க் கதை

சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை கவுன்சிலர்களே கிடையாது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். இருந்தும், அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். குப்பை வண்டி வந்தது, வரி பில்லும் வந்தது. ஆனால், 2018-ல் சொத்து வரி உயர்ந்தபோது, அதைப் பற்றிக் கேள்வி கேட்க 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூட மாமன்றத்தில் ஆள் இல்லை.

வண்டி ஓடுவதற்கு அதிகாரிகள் போதும். ‘ஏன் இந்த ரூட்ல போறீங்க?’ என்று கேட்பதற்குத்தான் ஓட்டு. ‘நமக்கென்ன’ன்னு விட்டுக்கொடுப்பது அந்தக் கேள்வியைத்தான்.